அத்தானுக்கு மட்டும் தலைகீழ்

ஜூலை 1, திங்கள்

பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். இன்றோடு சரி. மேட்ரன் ரூபாவதி அம்மா கூப்பிட்டு, "செல்வமலர், நாளையிலருந்து நீங்க கேஷுவால்டி" என்றார். ஏன் மேடம் என்றால், அங்கே ஆள் இல்லையாம். பிரசவ வார்டில் மட்டும் ஆள் கொட்டிக் கிடக்கிறதோ?

கேஷுவால்டி என்றாலே எனக்கு ஆகாது. அரிவாள் வெட்டு, பூச்சி மருந்து, பைக் விபத்து. இதில் புதிதாக ஒரு சட்டம் வேறு. நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் டாக்டர் வருவதற்குள் நர்ஸே ஈ.சி.ஜி. எடுத்து, முதல் பார்வை பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டுமாம். இருபதாம் தேதி அதற்குப் பரீட்சை. ஐம்பத்தொரு வயதில் எனக்குப் பரீட்சை! தேறாதவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்களாம். பள்ளிக்கூடம் கெட்டது போங்கள்.

வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு கூத்து. கட்டின புருஷன் ஆயிற்றே என்று தண்ணீர்க் கேனை மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னால், அத்தான் பாதிப் படியில் கேனை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். கேட்டதற்கு, "ஒரு போன் வந்துச்சுட்டி, பேசிக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் போன் அடுக்களையில் சார்ஜில் கிடக்கிறது. சோம்பேறித்தனத்துக்கு ஒரு பொய். நானே தூக்கிக்கொண்டு போனேன்.

ஜூலை 3, புதன்

மானம் கப்பலேறிவிட்டது.

தலைசுற்றல் என்று ஒரு டீக்கடைப் பெரியவர் வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தேன். நான்கு கிளிப்: வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. நெஞ்சுக்கு ஆறு ரப்பர் பல்பு, ஜெல்லி தடவி அமுக்கினால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் மாட்டி, தாள் வந்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டாக்டர் சாதிக் தாளைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். சின்ன வயசு, நல்ல மூளை, பொறுமைதான் கிடையாது. "ஐயா, உங்களுக்கு இதயம் வலது பக்கம் இருக்குன்னு இதுக்கு முன்னாடி யாராவது சொல்லிருக்காங்களா?" என்று கேட்டார்.

"எனக்கு இதயமே கெடையாதுன்னுதான் எம் பொஞ்சாதி சொல்லுவா" என்றார் பெரியவர்.

அப்புறம்தான் டாக்டர் கண் கிளிப் மேல் போனது. சிவப்பையும் மஞ்சளையும் கை மாற்றிப் போட்டிருக்கிறேன். "சிஸ்டர்! மேல போக வேண்டியது கீழ போயிருக்கு, இதயமே இடம் மாறின மாதிரி காட்டுது பாருங்க" என்று சத்தம் போட்டார். சின்ன நர்ஸ் சுகிர்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒயரில் கலர் மங்கியிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அங்கே நின்றிருந்த மேட்ரன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். இத்தனை வருடத்தில் தலைக்குப் பதில் கால் முந்தித் தலைகீழாக வந்த எத்தனை பிள்ளைகளை இந்தக் கையால் வெளியே எடுத்திருக்கிறேன்! ஒரு மஞ்சள் கிளிப் என்னைக் கோமாளியாக்கிவிட்டது.

ஜூலை 4, வியாழன்

அழுதுகொண்டே வெங்காயம் உரித்ததால் அத்தான் கண்டுபிடிக்கமாட்டார் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். மோட்டார் காயில் கட்டுகிற மனிதரிடம் போய் இதைச் சொன்னது என் தப்பு. விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"ஏட்டி, மூணு பேஸ் கரண்டுல ரெண்டு ஒயர மாத்திக் குடுத்தா மோட்டார் திருப்பிச் சுத்தத்தான் செய்யும். நானே எத்தன பம்புசெட்ட அப்படி ஓட்டிருக்கேன். இதுக்குப் போயி அழுவாளா?"

"ஒங்க மோட்டார்க்காரன் ஒங்கள நாலு பேர் முன்னால ஏசமாட்டான்."

"ஏசமாட்டானா? ரூவாயத் திருப்பிக் கேப்பான்." பிறகு சட்டையைத் தூக்கி நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "இந்தா, சும்மாதான கெடக்கு. இதுல மாட்டிப் பழகு."

சாப்பாட்டுக்கு மேல் இஞ்சி சோடா குடித்தார். வாயுவாம். மொச்சை வேண்டாம் வேண்டாம் என்றால் கேட்டால்தானே.

உட்கார்ந்து படித்தேன். முதலில் ஒரு சின்ன மேடு வரும், அது பி. இதயத்தின் மேல் அறைகள் சுருங்குவது. பிறகு ஊசி மாதிரி ஏறி இறங்கினால் க்யூ.ஆர்.எஸ்., கீழ் அறைகள் சுருங்குவது. கடைசியில் அவசரமில்லாமல் ஒரு மேடு, அதுதான் டி. கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவது. இரண்டு ஊசிக்கு நடுவே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, முந்நூறை அதால் வகுத்தால் நாடித் துடிப்பு வந்துவிடும். இந்தக் கணக்கு மட்டும் பிடிபட்டது. நெஞ்சில் வைக்கும் பல்புகளில் முதலாவதைத் தவிர மற்றதில் டி பெரும்பாலும் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து அத்தானையும் கூட்டிக்கொண்டு நேராக டியூட்டிக்குப் போனேன். கோயிலிலிருந்து ஆஸ்பத்திரி ஒரு கூப்பிடு தூரம், அதற்கே வழியில் இரண்டு இடத்தில் நின்று கடைப் பலகையை வாசிக்கிறார். அவசரத்துக்கு உதவாத நடை.

மத்தியானம் கேஷுவால்டி காலி. அத்தானைப் படுக்கவைத்து, ஒயர் கலரை இரண்டு முறை பார்த்து மாட்டினேன். கை கால் எல்லாம் சரி. ஆனால் நெஞ்சுப் பல்பில் இரண்டு, மூன்று, நான்கில் டி கீழே கவிழ்ந்து கிடக்கிறது. கொஞ்ச நஞ்சம் இல்லை, குழி வெட்டினதுபோல் ஆழம். புத்தகத்தைத் திருப்பினேன். பல்பை ஒரு விலா மேலே வைத்துவிட்டால் டி தலைகீழாகத் தெரியலாம், நர்ஸ்கள் வழக்கமாகச் செய்கிற பிழை என்று போட்டிருக்கிறது. என்னைப் பார்த்தே எழுதியிருப்பான் போல.

கழற்றி மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே. சுகிர்தாவைப் படுக்கவைத்துத் திரை போட்டு எடுத்தால் அவளுக்கு எல்லாம் லட்சணமாக நிமிர்ந்து நிற்கிறது. அவளுக்குச் சரியாக வருகிற கை இவருக்கு மட்டும் ஏன் தப்புகிறது? நெஞ்சில் முடி வேறு காடு மாதிரி. பல்பு வழுக்குகிறது.

மேட்ரன் வந்து, "பேப்பர் ரோல் ஒங்க அப்பா வீட்டுச் சீதனமா?" என்றார். ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளை அத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடையில் ஒட்டுவாராம். "எம் நெஞ்சப் படம் புடிச்சது நீ ஒருத்திதான" என்கிறார். கொஞ்சலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

அத்தான் சோறு கொண்டுவந்த நேரத்தில் இன்னொன்று எடுத்தேன். அதே தலைகீழ். வெட்கத்தை விட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஒரு கையால் டீயைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு எடுத்தது? நெஞ்சு வலியா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். சும்மா பழகுறதுக்கு எடுத்தது."

"அப்படின்னா பல்பை மேல வெச்சிருக்கீங்க. தொண்டைக்குக் கீழ இருந்து விரலை இறக்குங்க. எலும்புல ஒரு மேடு தட்டும். அதுக்குப் பக்கத்துல ரெண்டாவது விலா. அங்கேருந்து எண்ணி நாலாவது இடைவெளி. போய் மறுபடி எடுங்க."

சத்தம் போடவில்லை. அதுவரை சந்தோஷம். திரும்பி வந்தால் அத்தான் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஜூலை 11, வியாழன்

மேடு, விலா, நாலாவது இடைவெளி. மறுபடி தலைகீழ்.

ஜூலை 14, ஞாயிறு

எனக்கே எரிச்சலாக இருக்கிறது. சுகிர்தாவுக்குச் சரி. வாட்ச்மேனுக்குச் சரி. பாம்பு கடித்து வந்தவனுக்குக்கூடச் சரி. கட்டின புருஷனுக்கு மட்டும் தப்பு. இன்று சவரக் கத்தியால் நெஞ்சு முடியை மழித்தேவிட்டேன். அவர் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, "எம் மோட்டார் நல்லாத்தாம்ட்டி ஓடுது. ஒன் மீட்டர்லதான் கோளாறு" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "சும்மா கெடங்க அத்தான், ஒங்களாலதான் எனக்கு இந்தக் கேவலம்" என்று கத்திவிட்டேன். முகம் வாடிவிட்டது. பாவம், மழித்த நெஞ்சோடு.

சாயங்காலம் அவருக்குப் பிடிக்குமே என்று ஆட்டுக்கறி எடுத்தேன். பாதியிலேயே கையைக் கழுவிவிட்டார். கோபத்தைச் சாப்பாட்டில் காட்டுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன். கொல்லையில் முருங்கைக்குக் கொத்த வேண்டிய மண்ணைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துக் கொத்தச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், மண்வெட்டிப் பிடி சரியில்லையாம். பிடி நன்றாகத்தான் இருக்கிறது. நான் பார்த்தேன்.

மகள் ஷீபா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். "அப்பா ஏம்மா சுரத்தே இல்லாம பேசுறாங்க?" என்றாள். நான் ஏசியதைச் சொல்ல முடியுமா? வெயில் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

வந்துவிட்டது! ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், வந்தேவிட்டது!

அத்தான் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு சைக்கிளில் வந்தார். ஆஸ்பத்திரி ஏற்றத்தில் மிதித்து வந்ததில் சட்டை முழுக்க வேர்வை. முகம் வெளுத்திருந்தது. "நெஞ்சுக்குள்ள வாயு புடிச்ச மாதிரி இருக்குட்டி, செத்த படுத்துக்கிடுதேன்" என்றார். படுக்கத்தானே போகிறீர்கள், அப்படியே ஒன்று எடுத்துவிடுகிறேன் என்று பல்பை மாட்டினேன். விலாவை எண்ணினேன். பொத்தானை அழுத்தினேன்.

எல்லா டியும் நிமிர்ந்து நிற்கிறது! இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் மேலே! தாளோடு ஓடிப்போய், "டாக்டர், இப்பப் பாருங்க" என்றேன். அவர் ஒரு விபத்துக் கேஸுக்குத் தையல் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்து, "நார்மல். இப்பத்தான் சரியா வெச்சிருக்கீங்க" என்றார். மேட்ரன் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்.

இந்த இடத்தை விடக்கூடாது என்று, பல்பு ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த வட்டத்தை அழியாத மையால் குறித்துவைத்தேன். ஆறு வட்டம். "குளிக்கையில தேய்ச்சு அழிச்சிராதீங்க அத்தான், பரீட்சை வரைக்கும் இருக்கணும்." அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் வாயு விட்டுவிட்டது என்று எழுந்து உட்கார்ந்தார். நிறமும் வந்துவிட்டது. "ஒன் மீட்டர் சரியாயிட்டுதா?" என்றார். சரியாகிவிட்டது என்றேன்.

வரும் வழியில் கருப்பட்டி மிட்டாய் கால் கிலோ வாங்கினேன்.

ஜூலை 19, வெள்ளி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பரீட்சைக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை என்று அத்தானை வரச் சொன்னேன். இன்று அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டு வந்து படுத்தார். மை வட்டம் ஆறும் அப்படியே இருந்தது. பல்பை அச்சு அசலாக அதே வட்டத்தில் வைத்தேன். தாள் வந்தது. தலைகீழ். முன்னைவிட ஆழமாகத் தலைகீழ்.

மிஷினை ஒரு தட்டுத் தட்டினேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். மறுபடி எடுத்தேன், தலைகீழ். சுகிர்தாவைப் பிடித்து இழுத்துப் படுக்கவைத்து எடுத்தேன். சரியாக இருந்தது. நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மிஷின், அதே கை, அதே ஆறு வட்டம். அப்படியானால் மாறியது எது?

கட்டிலில் இருந்த மனிதரைப் பார்த்தேன்.

"அத்தான், நேத்து ஒங்களுக்கு என்ன செஞ்சுது? உள்ளதச் சொல்லுங்க."

"வாயுதாம்ட்டி."

"அத்தான்!"

"நெஞ்சுல ஆட்டுக்கல்ல வச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். "ஏத்தத்துல ஏறும்போது வரும். நின்னா போயிரும். ஒரு மாசமா இருக்கு. நீ பரீட்சை பரீட்சைன்னு அல்லாடிக்கிட்டு இருந்த, அதான் சொல்லல."

ஓங்கி ஒரு அறை விடலாம்போல இருந்தது. தாள் இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். "டாக்டர், பல்பு தப்பில்ல. எங்கையில தப்பில்ல. நீங்க என்ன ஏசுனாலும் சரி, இதப் பாருங்க."

டாக்டர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளா? யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"வலி இருந்தப்ப எடுத்தது எது?"

நான் நேற்றையதைக் காட்டினேன். நல்லது என்று மிட்டாய் வாங்கித் தின்ற தாள்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. கட்டிலுக்குப் போகிற வழியிலேயே சொன்னார். "இதயத்துக்கு முன்பக்கம் ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய்ல அடைப்பு இருக்கலாம் சிஸ்டர். வலி இல்லாத நேரத்துல டி கவிழ்ந்து கிடக்கும். வலி வர்றப்ப நிமிர்ந்துக்கும், பார்க்க நார்மல் மாதிரியே இருக்கும். அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்து. இன்னும் முழுசா அடைக்கல. அடைக்கிறதுக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

கூடம் கோணல்தான். முதலிலிருந்தே கூடம்தான் கோணல்.

அத்தானுக்கு மாத்திரைகளைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார்கள். இந்த மனிதர் அப்போதும், "கடையில ஒரு மோட்டார் பிரிச்சுப் போட்டுக் கெடக்கு, சாயந்தரம் ஆள் வருவான்" என்கிறார். "ஒங்க மோட்டார்ல இடி விழ" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். நோயாளிகள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது டாக்டர் என் பக்கம் வந்து, "ஒம்பதாம் தேதி நீங்க காட்டுனப்பவே நான் எழுந்து வந்து ஆளைப் பார்த்திருக்கணும் சிஸ்டர்" என்றார். அவர் கேட்கத்தான் செய்தார், நெஞ்சு வலியா என்று. இல்லை என்று சொன்னது யார்?

ஜூலை 20, சனி

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. குழாயில் ஒரு நூல் அளவுதான் வழி மிச்சம் இருந்ததாம். ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஷீபா வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். மானிட்டரில் அவர் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பி, க்யூ.ஆர்.எஸ்., டி. பி, க்யூ.ஆர்.எஸ்., டி. யாரோ கூப்பிடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்று பரீட்சை என்பது மத்தியானத்துக்கு மேல்தான் நினைவு வந்தது. போகட்டும்.

ஜூலை 22, திங்கள்

கஞ்சி குடித்தார். உப்பு இல்லை என்று குறை சொன்னார். நல்லது.

ஜூலை 24, புதன்

ஷீபாவை அப்பாவோடு விட்டுவிட்டு இன்று டியூட்டிக்குத் திரும்பினேன். அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர். "செல்வமலர், தேர்வுக்கு வரவில்லை. மேலும் இரண்டு மாதம் பயிற்சி." எல்லாரும் தேறிவிட்டார்கள், வாட்ச்மேனுக்கு எழுத வாய்ப்புக் கொடுத்திருந்தால் அவரும் தேறியிருப்பார். மேட்ரனிடம் கேட்டேன். "காரணம் எல்லாருக்கும் தெரியும் செல்வமலர், ஆனா விதி விதிதான" என்கிறார். விதியாம் விதி!

டாக்டர் சாதிக் என்னைக் கூப்பிட்டு, "முதல் தாள் எங்க சிஸ்டர்? ஏழாம் தேதி எடுத்தது. அதையும் அனுப்பினா அங்க இருக்கவங்களுக்கு உதவும்" என்றார். ஆம்புலன்ஸோடு போன இரண்டையும் தவிர மற்றதையெல்லாம் நான் கிழித்துப் போட்டுவிட்டேன். அது ஒன்றுதான் பிழைத்திருக்கிறது.

கடைச் சாவி என்னிடம்தான் இருந்தது. ஷட்டரைத் தூக்கினேன். வார்னிஷ் வாடை. மேசைமேல் அந்த மோட்டார் பிரித்தபடியே கிடந்தது. அவர் உட்காரும் ஸ்டூலுக்கு நேர் எதிரே, வோல்ட் மீட்டருக்குக் கீழே தாளை ஒட்டியிருந்தார்.

நின்றுகொண்டே படித்தேன். இப்போது படிக்கத் தெரிகிறது. துடிப்பு எழுபத்தைந்து. கை மாறவில்லை. ஊசி முதல் பல்பிலிருந்து ஐந்தாவதுவரை படிப்படியாகச் சரியாக உயர்கிறது, பல்பு எதுவும் மேலே போகவில்லை. இரண்டு, மூன்று, நான்கில் டி குழி குழியாகக் கவிழ்ந்து கிடக்கிறது. என் வாழ்க்கையில் கிளிப் மாறாமல் நான் எடுத்த முதல் ஈ.சி.ஜி. ஒரு பிசகும் இல்லாமல் எடுத்திருக்கிறேன்.

தாளுக்குக் கீழே அவர் கையெழுத்தில், கரண்டு மோட்டாருக்குச் சீட்டு எழுதி ஒட்டுவாரே அதே மாதிரி எழுதியிருந்தது: "மோட்டார் குட் கண்டிஷன். மீட்டர் ரிப்பேர். மலருகிட்ட சொல்லக்கூடாது, அழுவா."

ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணன் நல்லாருக்காருல்லாக்கா?" என்று பதறினார். நல்லாயிருக்கார் தம்பி என்றேன்.

பிறகு பிளேடு எடுத்து, தாள் கிழியாமல் பசையோடு சுரண்டி, பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். நெஞ்சு வலி என்று ஒரு அம்மாவைக் கூட்டிவந்திருந்தார்கள். பல்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால், எப்போதிலிருந்து வலிக்கிறது, இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டேன்.